வரதனிடம் ஆழ்வான் கேட்ட வரம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அத்திகிரியின் 24 படிகளையும் ஏறிப் பேரருளாளனுடைய திருமுன்பே நிற்கும் அடியார் எவரும் வெறும் நெஞ்சோடு நிற்பதில்லை. மகப்பேறு வேண்டுவாரும், பிணி தீர வேண்டுவாரும், மகளின் திருமணம் கைகூட வேண்டுவாரும் அங்கே உளர். வேண்டுவார்க்கு வேண்டியதை ஈபவன் ஆதலாலன்றோ அவனுக்கு வரதன் என்று திருநாமம்! ஆயினும் அக்கூட்டத்திடையே, கேட்க வேண்டியது இன்னதென்று தமக்கே விளங்காமல் கைகூப்பி நிற்பாரும் சிலர் உண்டு. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த தாய், உடன்பிறந்தான் செய்த வஞ்சனையால் வீடும் நிலமும் இழந்தவர், உயிர்போல நம்பியவரால் கைவிடப்பட்டவர் ஆகிய இவர்களுடைய துயரம் வேறு வகையானது. இழந்ததைத் திருப்பித் தருக என்று கேட்க வழியில்லை. அதனை மறக்கச் செய்க என்று கேட்கவோ மனம் வரவில்லை. நடந்தது என்றோ நடந்து முடிந்துவிட்டது. நெஞ்சிலோ அது நாள்தோறும் நடந்துகொண்டேயிருக்கிறது.

வைகாசிப் பெருவிழாவில் கருட சேவை காணக் காஞ்சிக்கு வரும் அன்பர்களில் இத்தகைய பாரம் சுமந்து வருவாரும் இருப்பர். அவர்கள் நிற்கும் அதே ஸந்நிதியில், ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன்பு, கண்ணிழந்த மகான் ஒருவர் நின்றார். கண்ணைக் கேள் என்று ஆசார்யன் கட்டளையிட்டு அனுப்பியிருந்தார். கொடுப்பதற்கு வரதனும் காத்திருந்தான். அவர் கேட்டதோ மற்றொன்று. அவ்வொரு விண்ணப்பத்தில் ஆறாப் புண்ணை ஆற்றும் மருந்து அடங்கியிருக்கிறது. அம்மகானே கூரத்தாழ்வான்.

கூரத்துச் செல்வர்

காஞ்சிக்கு அண்மையில் உள்ள கூரம் என்னும் திருப்பதியில், 1010ஆம் ஆண்டு, தை மாதத்து ஹஸ்த நக்ஷத்திரத்தில் ஆழ்வான் அவதரித்ததாகக் குருபரம்பரை கூறும். ஸ்ரீவத்ஸாங்கர் என்பது இயற்பெயர். பெருஞ்செல்வர். நாள் முழுவதும் அன்னமிட்டு இரவில் அவர் மாளிகைக் கதவம் சாத்தப்படும் ஓசை அத்திகிரி வரையில் கேட்கும் என்று பெரியோர் சொல்வர். அச்செல்வமனைத்தையும் ஒருநாளில் துறந்து, தேவியாராகிய ஆண்டாளுடன் எம்பெருமானாரின் திருவடியைத் தேடித் திருவரங்கத்துக்கு நடந்தார். வழியிடைக் காட்டில் ஆண்டாள் அஞ்சவே, மடியில் ஏதேனும் பொருள் உண்டோ என்று வினவினார். கணவர் அமுது செய்வதற்கென அவர் எடுத்து வந்த பொன்வட்டில் ஒன்று இருந்தது. அதனை வாங்கித் தூர எறிந்துவிட்டு, இனி அச்சமில்லை, நடக்கலாம் என்றாராம்.

எறிய முடிந்த பொருள்களையெல்லாம் எறிந்த அவரிடம் எஞ்சியவை அறிவும், ஆசார்ய பக்தியும், கற்றதை மறவாத நினைவாற்றலுமே. உடையவர் போதாயன வ்ருத்தி என்னும் நூலைக் காண்பதற்காகக் காச்மீரம் சென்றபோது ஆழ்வான் உடன் சென்றார். அந்நூல் கைவிட்டுப் போயிற்றே என்று உடையவர் வருந்திய வேளையில், இரவுகளில் அதனைப் படித்து நெஞ்சில் பதித்திருந்த ஆழ்வான், முழுவதையும் சொல்ல வல்லவராய் நின்றார். ஸ்ரீபாஷ்யத்தை உடையவர் அருளிச்செய்ய, ஏட்டில் எழுதிய கையும் ஆழ்வானுடையதே. படிக்கவும் எழுதவும் அரங்கனை ஸேவிக்கவும் அமைந்த கண்கள் அவை. அவை போன விதமே இங்கு எண்ணத்தக்கது.

சோழன் சபையில்

அக்காலத்துச் சோழ மன்னன் ஒருவன் தன் சமயக் கொள்கையே மேலானது என்று ஓலை எழுதி, சான்றோர் அனைவரும் கையெழுத்திட வேண்டுமென ஆணையிட்டான். அவன் இன்ன மன்னன் என்பதில் சரித்திர ஆசிரியர்கள் ஒருமித்த கருத்துடையவர் அல்லர். சமயப் பிணக்கைக் கிளறுவதும் இங்கு நோக்கமன்று. அதிகாரம் கையில் இருந்தபோது ஒருவன் செய்த கொடுமை என்ற அளவில் கொண்டால் போதும். மற்றவர் கையெழுத்து இருந்தென்ன, இராமாநுசர் கையெழுத்து வேண்டாமோ என்று அம்மன்னனைத் தூண்டியவன் நாலூரான் என்னும் அமைச்சன். அவன் ஆழ்வானோடு முன்பு தொடர்புடையவனாய் இருந்தவன் என்று கூறுவாரும் உண்டு. அவ்வாறாயின், அந்நியன் எய்த அம்பினும் அறிந்தவன் எய்த அம்பு ஆழப் பாய்ந்தது என்றே கொள்ளவேண்டும்.

சேவகர் மடத்துக்கு வந்தபோது உடையவர் நீராடச் சென்றிருந்தார். ஆழ்வான் ஒரு கணமும் தாழாமல் ஆசார்யனுடைய திருக்காஷாயத்தை உடுத்து, த்ரிதண்டத்தைக் கையில் ஏந்தி, தாமே இராமாநுசர் போல் அவர்களுடன் புறப்பட்டார். முதியவரான பெரிய நம்பியும் உடன் எழுந்தருளினார். உடையவரோ ஆழ்வானுடைய வெண்ணிற ஆடையை உடுத்து மேற்றிசை நோக்கி நடக்க நேர்ந்தது.

சபையில் ஆழ்வான் கையெழுத்திட மறுத்தார். வாதத்தில் வெல்ல மாட்டாத மன்னன் கண்களைப் பறிக்கக் கட்டளையிட்டான். பிறர் கை படுமுன் ஆழ்வான் தாமே தம் கண்களை நீக்கிக்கொண்டார் என்று கூறுவர். பெரிய நம்பியின் கண்களும் பறிக்கப்பட்டன.

கண்ணிழந்த இருவரையும் நம்பியின் திருமகளாரான அத்துழாய் கைப்பற்றி அழைத்து வந்தார். பெரிய நம்பிக்கு அப்போது பிராயம் 105 என்பர். தஞ்சைக்கு அருகில் உள்ள பசுபதிகோயிலை அடைந்ததும், அவருக்கு மேலே நடக்க இயலவில்லை. இன்னும் சிறிது தூரம் சென்றால் திருவரங்கம் என்று உடனிருந்தோர் கூறினர். அரங்கத்தில் உயிர் நீத்தால்தான் பேறு உண்டு என்று உலகம் எண்ணிவிடக் கூடாது, இவ்விடமே போதும் என்று சொல்லி, ஆழ்வானுடைய மடியில் தலைவைத்து நம்பி திருநாடு அலங்கரித்தார். காணாத கண்களோடு, கையால் தடவியே தம் ஆசார்யனுக்கு ஆசார்யனுடைய கடைசி மூச்சை ஆழ்வான் உணர்ந்திருக்க வேண்டும்.

இத்தனையும் ஒருவருக்கு நேர்ந்தது. ஆசார்யன் எங்கு இருக்கிறார் என்று தெரியாது. பெரியவர் மடியிலேயே பிரிந்தார். கண்கள் இல்லை.

திருவரங்கத்து வாயிலில்

துயருற்றவனுக்கு முதற் சோதனை துயரத்தினால் வருவதன்று, அதற்குப் பின் உலகம் அவனிடம் பேசும் பேச்சினால் வருவது. திருவரங்கம் மீண்ட ஆழ்வான் பெரிய பெருமாளை வணங்கக் கோயில் வாயிலுக்குச் சென்றார். இராமாநுசரின் தொடர்புடையார் எவரையும் உள்ளே விடலாகாது என்பது அரச ஆணை. வாயில் காப்போரில் ஒருவன் தடுத்தான். மற்றொருவனோ, ஆழ்வான் எல்லோர்க்கும் நல்லவர், இவரைத் தடுப்பானேன், விடுக என்றான்.

உள்ளே செல்லக் கால் எடுத்த ஆழ்வான் அச்சொல்லைக் கேட்டுத் திகைத்து நின்றார். ஆத்மகுணம் ஒருவனை ஆசார்யனோடு சேர்க்க வேண்டும். தம்முடைய நற்குணமோ எம்பெருமானாரின் தொடர்பு தமக்கு இல்லை என்று சொல்வதற்குக் காரணமாயிற்றே என்று வருந்தினார். அவ்வழியில் கிடைக்கும் அரங்கன் ஸேவையும் வேண்டா என்று திரும்பினார்.

இங்கே ஓர் உட்பொருள் உண்டு. பெருந்துன்பம் நேர்ந்தால், எந்த அன்பின் பொருட்டு அத்துன்பம் வந்ததோ அந்த அன்பையே வெறுக்கும்படி மனம் தூண்டும். இவரோடு சேராமல் இருந்திருந்தால் இது வந்திராதே என்று எண்ணும். கண்ணை இழக்கக் காரணமாய் இருந்த அந்த உறவை, கண் போன பின்பும் ஆழ்வான் விலை பேசவில்லை. மன்னனால் அவர் கண்ணைப் பறிக்க முடிந்தது. அக்கண்ணை அவர் எதற்காகக் கொடுத்தாரோ அதனைப் பறிக்க முடியவில்லை. ஆகையால் அவருடைய துன்பம் பொருளற்ற துன்பமாகிவிடவில்லை.

பின்னர்க் குடும்பத்தோடு திருமாலிருஞ்சோலை மலைக்குச் சென்று வாழ்ந்தார். அங்கே அழகர் திருமுன்பே அவர் பாடிய ஸுந்தரபாஹு ஸ்தவம் அவருடைய பஞ்ச ஸ்தவங்களில் ஒன்று. எம்பெருமானுடைய வடிவழகைக் கண்ணில்லாதவர் அடிமுடியாகப் பாடினார் என்பதே வியப்பு. அதில் அவர் வேண்டியதும் கண்ணை அன்று. உடையவர் திருவரங்கம் மீளவேண்டும், முன்போல் அடியார் குழாத்தோடு கூடியிருக்க வேண்டும் என்பதே வேண்டுகோள். ஆண்டுகள் சென்றன. புண் ஆறுவதற்குக் காலம் வேண்டும் என்பதை அவரும் அறிந்தே அழகனின் நிழலில் காத்திருந்தார்.

உடையவர் உற்ற துயரம்

இவ்வரலாற்றில் காயம்பட்டவர் ஒருவர் அல்லர், இருவர். மேல்நாட்டில் திருநாராயணபுரத்தில் எழுந்தருளியிருந்த உடையவர், மாருதிச் சிறியாண்டான் வாயிலாக நிகழ்ந்தவற்றைக் கேட்டார். தமக்காக ஆசார்யன் உயிர் நீத்தார், தமக்காகச் சீடன் கண்ணிழந்தார் என்னும் செய்தி எத்தகைய இடி! தாம் பட்ட துன்பத்தைப் பொறுப்பவர்க்கும், பிறர் தம் பொருட்டுப் பட்ட துன்பத்தைப் பொறுப்பது அரிது. தாம் நலமாய் இருப்பதே குற்றம் போலத் தோன்றும். விபத்தில் தாம் ஒருவர் மட்டும் பிழைத்து வந்தோரும், தம் சொல் கேட்டுச் சென்ற பிள்ளையை இழந்த தந்தையரும் இந்நோயை அறிவர்.

சுமார் 12 ஆண்டுகள் கழித்து உடையவர் திருவரங்கம் மீண்டார். ஆழ்வானும் வந்து திருவடியில் விழுந்தார். அவரை வாரியெடுத்துக் கண்ணீர் பெருக்கிய உடையவர், தம்மோடு உற்ற தொடர்பினால் அன்றோ இக்கண்கள் போயின என்று கதறினார். ஆழ்வானோ அப்பாரத்தை ஆசார்யன் தோளில் ஒரு நொடியும் இருக்க விடவில்லை. யாரேனும் ஓர் அடியாருடைய திருமண்காப்பு கோணியிருக்கிறது என்று தாம் என்றோ நினைத்திருக்கக்கூடும், அந்த அபசாரத்தின் பயன் இது என்றாராம். தம்மையே நொந்துகொண்ட சொல்லாக இதனைக் கொள்ளலாகாது. எதிரே அழுது நிற்பவரின் குற்ற உணர்வை நீக்குவதற்குக் கனிந்த நெஞ்சம் கண்டுபிடித்த வழி அது. பாம்பின் வாயில் அகப்பட்ட தவளையின் ஓலத்தைக் கேட்டு மூர்ச்சித்தவர் அவர் என்று பூர்வர்கள் சொல்வர். தவளையின் துயரையே பொறாதவர் ஆசார்யனின் துயரை எங்ஙனம் பொறுப்பார்!

வரதன் திருமுன்பே

உடையவர் மனம் அதனால் ஆறவில்லை. வரதன் கேட்டதைத் தருபவன், அவனைத் துதித்துக் கண்களைக் கேட்டுப் பெறுக என்று கட்டளையிட்டார். ஆழ்வானுக்குக் கண்ணில் ஆசை இல்லை. காண வேண்டாதவற்றைக் காணாதிருக்கும் இந்நிலையே இனிது என்று விண்ணப்பித்தும், ஆசார்ய நியமனத்தை மறுக்க மாட்டாமல் காஞ்சிக்கு வந்தார். தாம் பிறந்த கூரத்துக்கு அருகில், தம் இளமையில் கண்ணாரக் கண்ட அத்திகிரியில், இப்போது அகக்கண்ணால் கண்டு வரதராஜ ஸ்தவம் பாடினார்.

துதியினால் உகந்த பேரருளாளன், வேண்டியது யாது என்று வினவினான். அப்போது ஆழ்வான் கேட்ட வரம் உலகம் கேட்டறியாதது. தமக்கு வரும் பேறு நாலூரானுக்கும் வரவேண்டும் என்றார். மன்னனைத் தூண்டிய அந்த நாலூரானுக்கு! வரதனும் அவ்வாறே ஆகுக என்று அருளினான்.

இதனைக் கேட்ட உடையவர் முதலில் வருந்தினார். கண்ணைக் கேட்கச் சொல்லியிருக்க வேறொன்றைக் கேட்கலாமோ என்று வினவினார். பின்னர் எம்பெருமானையும் ஆசார்யனையும் காணும் அளவுக்கு ஆழ்வானுக்குக் காட்சி வாய்த்தது என்று கூறுவோர் உண்டு. அகக்கண்ணே போதும் என்று அவர் அமைந்துவிட்டார் என்று கூறுவோரும் உண்டு. எவ்வாறாயினும், ஆழ்வான் தம் காயத்திலிருந்து விடுபட்டது கண் பெற்ற போதன்று, நாலூரானுக்காக வாய் திறந்த அக்கணத்திலேயே என்று கொள்வது பொருந்தும்.

விண்ணப்பத்தின் உட்பொருள்

கொடுமை செய்தவனும் அதனை அனுபவித்தவனும் ஒரே கயிற்றின் இரு முனைகளில் கட்டுண்டு கிடக்கின்றனர். அவன் கெடவேண்டும், தன் கண்முன்னே கெடவேண்டும் என்று காத்திருப்பவன் கயிற்றின் தன் முனையைத் தானே இறுகப் பிடித்திருக்கிறான். அவன் உண்ணும்போதும் உறங்கும்போதும் பகைவன் உடனிருக்கிறான். கோயிலில் கண்ணை மூடினாலும் பெருமாளுக்கு முன் அவனே வந்து நிற்கிறான். ஆழ்வான் நாலூரானை வரதனிடம் ஒப்படைத்தபோது அக்கயிறு அறுந்தது. அதன்பின் அவர் நெஞ்சில் நாலூரானுக்கு இடமில்லை. அவ்விடம் முழுவதும் பேரருளாளனுக்கே ஆயிற்று.

இதனைக் கேட்கும் அன்பர்கள் மூன்று செய்திகளை மறவாதிருத்தல் வேண்டும். கொடுமையைப் பொறுத்தல் வேறு, கொடுமைக்கு இசைதல் வேறு என்பது முதலாவது. நாலூரானுக்கு நன்மை வேண்டிய அதே ஆழ்வான், சபையில் அவ்வோலையில் கையெழுத்திடவில்லை. பொய்யைப் பொய் என்றே சொன்னார். தீங்கு செய்தவனைத் தடுப்பதும், முறைப்படி நியாயம் கோருவதும் இக்க்ஷமைக்கு விரோதம் ஆகா.

இரண்டாவது, இக்கனிவு ஒரு நாளில் வந்ததன்று. சோழன் சபைக்கும் வரதன் ஸந்நிதிக்கும் இடையே நெடுங்காலம் சென்றது. மடியில் பெரியவரின் உயிர் பிரிந்தது, வாயிலில் திரும்பியது, மாலிருஞ்சோலையின் தனிமை, ஆசார்யனோடு சேர்ந்து அழுத அழுகை ஆகிய இத்தனையும் இடையில் உண்டு. நேற்று இழந்தவர் இன்று ஆழ்வானைப் போல் கேட்க இயலவில்லையே என்று தம்மை நொந்துகொள்ள வேண்டுவதில்லை. அவருக்கு இப்போதைக்கு அழகர் நிழலே போதும்.

மூன்றாவது, பெரிதும் எண்ணத்தக்கது. நாலூரானை மன்னித்துவிடுக என்று உடையவர் ஆழ்வானிடம் சொல்லவில்லை. கண்ணைக் கேள் என்றே சொன்னார். காயம்பட்டவர் தாமாகக் கொடுத்தால்தான் அது க்ஷமை. பக்கத்தில் நிற்பவர் வற்புறுத்தி வாங்கினால் அதுவும் மற்றொரு கொடுமையே. துயருற்றார் ஒருவர் இல்லத்துக்குச் செல்வோர் பொறுத்துப்போ, மறந்துவிடு என்று உபதேசம் செய்வதினும், உடையவரைப் போல் அவர் இழந்ததற்காக உடன் அழுது, அவர்க்கு நன்மை வரவேண்டும் என்று விரும்புதல் தகும். அவ்வாறு தமக்காக அழுவார் ஒருவர் இருந்தமையாலும் அன்றோ ஆழ்வான் நெஞ்சம் பிறருக்காகக் கேட்கும் அளவுக்கு நிறைந்திருந்தது!

முடிவில் கண்ட மகிழ்ச்சி

உடையவரின் துயரத்துக்கும் ஒரு நாள் முடிவு வந்தது. பிற்காலத்தில் ஆழ்வான் நம்பெருமாளிடம் மோக்ஷத்தை வேண்ட, அவருக்கும் அவர் தொடர்புடையார்க்கும் பேறு உண்டு என்று பெருமாள் அருளினார். அதனைக் கேட்ட உடையவர் தம் காஷாயத்தை மேலே வீசியெறிந்து ஆனந்தக் கூத்தாடினார் என்பது வரலாறு. ஆழ்வானோடு தொடர்புடையார்க்குப் பேறு உண்டெனில் தமக்கும் அது உறுதியாயிற்றே என்று மகிழ்ந்தாராம். தம்மோடு உற்ற தொடர்பினால் ஆழ்வானுக்குக் கேடு வந்தது என்று முன்பு அழுதவர், ஆழ்வானோடு உற்ற தொடர்பினால் தமக்கு நன்மை வந்தது என்று ஆடினார். அதே தொடர்புதான். அதன் பொருள் மாறிற்று. நிகழ்ந்தவற்றில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

தமக்கு முன்னே பிரியலாமோ என்று உடையவர் உருகியபோது, பின்னர் தேவரீர் எழுந்தருளும் காலத்தில் எதிர்கொண்டு அழைக்க அடியேன் முன்பே செல்ல வேண்டாமோ என்று விடை கூறி, ஆழ்வான் திருநாடு அலங்கரித்தார்.

கருட வாகனத்தில் வரதன் வீதியில் எழுந்தருளும்போது பல்லாயிரவர் கைகள் உயரும். அவற்றுள் இழப்பின் பாரத்தால் உயர மாட்டாத கைகளும் சில இருக்கும். அவற்றையும் அவன் காண்கிறான். இன்று கண்ணைக் கேட்பவர் கண்ணைக் கேட்கலாம். அதற்கும் அவன் வரதனே. இழந்தவரின் நினைவை அன்போடு அவன் திருவடியில் வைக்கலாம். என்றேனும் ஒருநாள், தீங்கிழைத்தவரின் பெயரும் வெறுப்பின்றி வாயில் வருமானால், அன்று அவர் நிற்பது ஆழ்வான் நின்ற இடம். அதுவரையில் வெறுங்கையோடு வந்து நின்றாலும் போதும். கேட்கத் தெரியாதவர்க்கும் கொடுக்கத் தெரிந்தவன் அவன்.

கூரத்தாழ்வான் திருவடிகளே சரணம்.